அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வயதா, நோயா?

#1 நீலமலர்

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. அப்பாவுடன் வேறு ஊரில் இருக்கிறார். தினமும் இரவு போனில் பேசுவேன். ஒரு வருடமாகவே "எப்ப வர்றே?" என்ற கேள்வி ஒரே அழைப்பில் மூன்று நான்கு முறை வருகிறது. பாசத்தில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் போய்ப் பத்து நாள் தங்கினேன். அம்மா கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கு எழுதுகிறவர். ஒரு காசு விடமாட்டார். ஏதோ ரசீது தேடப்போய் இந்த வருட நோட்டு கையில் சிக்கியது. முதல் சில மாதங்கள் எப்போதும் போல இருந்தன. அப்புறம் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை இல்லை. அடுத்த மாதம் மின்கட்டணம் மூன்று இடத்தில், மூன்றும் ஒரே தேதியில். அதற்கடுத்த பக்கத்தில் தொகைகளுக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகக் கோடுகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கோடு போட்டு எண்ணுவார்களே, அந்த மாதிரி. அவருக்கே தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் சமாளிக்கப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பாவும் தன் பங்குக்குச் சமாளிக்கிறார். அம்மாவிடம் யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு இவர் பதில் சொல்லிவிடுகிறார். அண்ணனிடம் பேசினேன். "எழுபது தாண்டினா இதெல்லாம் சகஜம். டாக்டர்கிட்ட போனா இல்லாத வியாதியையும் சொல்லுவாங்க" என்று முடித்துவிட்டான்.

இது சாதாரண மறதிதானா? எனக்கு ஒன்றுமில்லை என்கிறவரை எப்படி டாக்டரிடம் கூட்டிப்போவது? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பாட்டியும், அதாவது அம்மாவின் அம்மாவும், கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல்தான் போனார். எனக்கு 44. அடுத்தது நானா?

#2 பழையசைக்கிள்

அம்மணி, நேற்று மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடினேன். வயது 66. பேரன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் நோய் என்று ஆரம்பித்தால் பாதி ஊர் நோயாளிதான். பதறாதீர்கள்.

#3 அமுதா_செவிலி

பழையசைக்கிள் சார், உங்கள் கண்ணாடியும் அந்த நோட்டும் ஒன்றில்லை. கொஞ்சம் விளக்குகிறேன். முதியோர் வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள்.

வயதானால் மூளை மெதுவாகும். தெரிந்தவர் பெயர் தொண்டைவரை வந்து நிற்கும், குளிக்கும்போது தானாக வரும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறக்கும், தேடினால் கிடைக்கும், கிடைத்ததும் "அட, ஆமாம்" என்று தோன்றும். பயப்பட வேண்டிய மறதியில் அந்த "அட, ஆமாம்" இருக்காது. ஐந்து நிமிடம் முன்பு கேட்டதே பதிவாகவில்லை, அதனால் நீங்கள் நினைவூட்டினாலும் பிடிபடாது. அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, வருடக்கணக்காகக் கைப்பழக்கமாகச் செய்த வேலை தடுமாறுகிறதா என்பதை. நாற்பது வருடம் கணக்கு எழுதியவருக்குக் கூட்டல் போவது "சகஜம்" கிடையாது. உங்கள் அண்ணனிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

டிமென்ஷியா, அதாவது நினைவும் அறிவுத்திறனும் குறைந்து அன்றாட வேலையே தடுமாறும் நிலை, என்பதும் ஒரு தனி நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரிதான். காய்ச்சல் என்றால் எதனால் என்று கேட்போம் இல்லையா, அதே கேள்வி இங்கேயும் உண்டு. பத்தில் ஆறு ஏழு பேருக்குக் காரணம் அல்சைமர். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வருவது அடுத்தது. லூயி பாடி என்று ஒரு வகை, இல்லாத ஆட்களும் பிராணிகளும் தெளிவாகக் கண்ணில் தெரியும், ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் மந்தமாக இருப்பார். மூளையின் முன்பக்கத்தைத் தாக்கும் வகையில் ஞாபகம் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும், குணம் மாறிவிடும். அது பெரும்பாலும் 45க்கும் 65க்கும் நடுவில் தலைகாட்டும், வீட்டில் சண்டை என்றே பல வருடம் ஓடிவிடும். வயதானவர்களிடம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

அல்சைமர் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளும் முன் இதைப் படியுங்கள். பி12 குறைவு, தைராய்டு மந்தம், மனச்சோர்வு, எப்போதோ தலையில் பட்ட அடியால் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், மூளையில் நீர் சேர்வது, இவை எல்லாமே டிமென்ஷியா போல வேஷம் போடும். சரிசெய்யக்கூடியவை. சில மாத்திரைகளும் அதே வேஷம் போட வைக்கும். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் சில மருந்துகள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "என்னென்ன சாப்பிடறாங்க?" என்று டாக்டர் கேட்கும்போது யாருக்கும் முழுசாக வாயில் வராது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால் அது டிமென்ஷியா இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் உப்புச்சத்து குறைவது, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஓட வேண்டும்.

#4 நீலமலர்

அக்கா, நன்றி. அம்மா ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்கும் தினமும் ஒன்று. இதில் ஏதாவது?

#5 அமுதா_செவிலி

இரண்டுமே நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

#6 வரப்போரம்

அப்பாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டரிடம் அழைத்துப் போகும் விஷயத்தில் நான் செய்யாத தப்பு இல்லை, அதனால் சொல்கிறேன்.

முதல் தடவை "உங்களுக்கு ஞாபகம் போகுது, டாக்டரைப் பார்க்கலாம்" என்றேன். மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. அதைப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தன்னிடம் கோளாறு இருப்பதைக் கவனிக்க வேண்டியதே மூளைதான், அடிபட்டிருப்பதும் அதுதான். அவர் மறைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை, நாம்தான் பொய் சொல்கிறோம்.

இரண்டாம் தடவை ஞாபகம் என்ற வார்த்தையே எடுக்கவில்லை. "காதும் கண்ணும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம், நானும் பார்த்துக்கறேன்" என்றேன். வந்தார். நடந்த சம்பவங்களைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி முதல் நாளே டாக்டரிடம் கொடுத்திருந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து குறை சொல்லும் வேலை மிச்சம். நீங்கள் அந்த நோட்டின் இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுங்கள், போதும்.

அங்கே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பதினொன்று பத்து மணி காட்ட வேண்டும். அப்பா பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். வட்டத்தைக் கையாலேயே போட்டார், காம்பஸ் வைத்த மாதிரி. நான் பெருமூச்சு விட்டேன். அப்புறம் எண்களை எழுத ஆரம்பித்தார். 1 முதல் 12 வரை அத்தனையும் வலது பாதியிலேயே இடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி காலி. பென்சிலை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "எங்கேயோ அளவு தப்பிடுச்சு" என்றார். அந்தத் தாளை டாக்டர் கோப்பில் வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் நான் கிழித்துப் போட்டிருப்பேன்.

#7 கணக்குப்பிள்ளை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்? குணமாக்க மருந்து இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் வைத்தால் அந்தம்மா உடைந்துபோவார். வெள்ளைத் தாளில் கடிகாரம் போட வைத்து ஒரு பெரிய மனிதரை அவமானப்படுத்துவதில் என்ன லாபம்? முன்பெல்லாம் "தாத்தாவுக்குக் கொஞ்சம் மறதி" என்று சொல்லிவிட்டு எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். இந்த நோய்ப் பெயரெல்லாம் மருந்து கம்பெனிகள் வந்த பிறகு வந்தது.

#8 ஆய்வகப்பூனை

கடைசி வரிக்கு மட்டும் முதலில். 1901ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவருடன் பேசிக் கேள்வி பதிலாகக் குறித்துவைத்தார். 1906ல் அந்தப் பெண் இறந்ததும் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, செல்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் இருப்பதை அதே வருடம் ஒரு கூட்டத்தில் விளக்கினார். 1910ல் மனநல மருத்துவர் கிரேப்பலின் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். எந்த மாத்திரையும் விற்பனைக்கு வராத காலம் அது. இன்று பரவலாகத் தரப்படும் டோனெபெசில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1996ல்தான்.

மருந்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. டோனெபெசில் வகை மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயின் ஓட்டத்தை மாற்றாது. 2023ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் அந்தப் படிவை நீக்குகிறது. ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. கேட்கப் பெரிதாக இருக்கும். 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம்தான். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளை வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு இது கிடையவே கிடையாது. அற்புதம் என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள், ஒன்றுமே இல்லை என்பவர்களையும் நம்பாதீர்கள்.

#9 அமுதா_செவிலி

கணக்குப்பிள்ளை சார், லாபம் என்று கேட்டீர்கள். என் கணக்கைச் சொல்கிறேன். பி12ஆக இருந்தால் ஊசியில் முடியும். இன்சுலின் போடுகிறவர் போட்டதை மறந்து இரண்டாம் முறை போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன், பெயர் தெரிந்திருந்தால் ஊசியை வேறொருவர் கையில் கொடுத்திருப்பார்கள். லூயி பாடி வகை என்று தெரியாமல் ஆர்ப்பாட்டத்தை அடக்க ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைப் போட்டால் ஆள் கட்டைபோல விறைத்துப்போவார். வங்கி, சொத்துக் காகிதங்களை அவர் புரிந்து கையெழுத்துப் போடும் காலத்திலேயே முடிக்கலாம். கடைசிக் காலத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் வாயாலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அது கைவிட்டுப் போனால் அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அவமானம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சோதனை எடுப்பவர் எப்படி எடுக்கிறார் என்பதில் இருக்கிறது. சத்தமாக, குழந்தையிடம் பேசுவதுபோல் கேட்கும் ஆட்களும் உண்டு. அப்படியானால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு டாக்டரைப் பாருங்கள்.

#10 ஒளிமயம்

நினைவாற்றலுக்கு நாங்கள் தரும் இயற்கைத் துளிகளை 48 நாள் எடுத்தால் மறதி அடியோடு ( மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது )

#11 மட்டுறுத்துநர்

விற்பனைப் பதிவுகள் வேண்டாம். இது இரண்டாவது எச்சரிக்கை.

#12 ஆய்வகப்பூனை

நீக்கியது சரி. ஆனாலும் கேள்வி எழும் என்பதால்: ஜின்கோ பிலோபா என்ற மூலிகைச் சாற்றை 3,069 முதியவர்களிடம் வருடக்கணக்கில் சோதித்து 2008ல் முடிவு வந்தது. டிமென்ஷியா வருவதை அது குறைக்கவில்லை. குறைபாடு இல்லாதவருக்கு வைட்டமின் மாத்திரையும் அப்படித்தான்.

#13 தூக்கம்வராதவன்

எனக்கு 38. இந்த இழையைப் படித்துவிட்டு வயிற்றைக் கலக்குகிறது. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகிறது. ஐந்து மணி நேரத் தூக்கம். தினமும் சுடோகு போடுகிறேன், மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்குச் சந்தாவும் கட்டுகிறேன். போதுமா? பெரியப்பாவுக்கு இருந்தது. ஜீன் சோதனை செய்துகொள்ளவா?

#14 ஆய்வகப்பூனை

தூக்கம்வராதவனே, உன் பெயரிலேயே பாதி பதில் இருக்கிறது. ஐந்து மணி நேரம் தூங்கினால் எனக்கும் வார்த்தை வராது.

இது நீலமலர் கேட்ட மூன்றாவது கேள்வியும்தான், சேர்த்தே எழுதுகிறேன். அப்படியே வாரிசாக இறங்கும் அல்சைமர் உண்டு. ஒற்றை மரபணு மாற்றத்தால் வருவது, நூறில் ஒருவருக்கும் குறைவு, பெரும்பாலும் 65க்கு முன்பே தொடங்கும். பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் எழுபது எண்பதில் வந்திருந்தால் அவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பொதுவான வகையில் ஏபிஓஇ4 என்ற மரபணு வடிவம் வாய்ப்பைக் கூட்டும். அது இருந்தும் வராதவர்கள் நிறைய, இல்லாமலே வந்தவர்களும் நிறைய. உடனே செய்யப்போவது ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சோதனையால் தூக்கம்தான் இன்னும் கெடும்.

சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். பிடித்திருந்தால் போடு. சந்தாவை யோசி.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017ல் மாற்றக்கூடிய ஒன்பது காரணிகளைப் பட்டியலிட்டது. 2020ல் பன்னிரண்டு, 2024ல் பதினான்கு. அத்தனையும் உலகம் முழுக்க ஒழிந்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. உலக மக்கள்தொகைக்கான கணக்கு இது, தனி ஆளுக்கான உத்தரவாதம் இல்லை. சர்க்கரை, புகை, உடல்பருமன், மது, அசைவில்லாத வாழ்க்கை என்று தெரிந்த பெயர்கள்தான் அதிகம். எனக்கு ஆச்சரியம் தந்தது காது. நடு வயதில் கேட்கும் திறன் குறைவதும் கெட்ட கொழுப்பும்தான் பட்டியலில் மிகப்பெரிய பங்கு, தலா 7 சதவீதம். 2024ல் கண் பார்வைக் குறைவும் சேர்ந்தது. மாத்திரை விற்பவர்கள் யாரும் காதைப் பற்றிப் பேசுவதில்லை, கவனித்தாயா?

காது ஏன்? சரியாகக் கேட்காதவருடைய மூளை ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊகித்தே களைத்துப்போகிறது என்பது ஒரு விளக்கம். கேட்காததால் ஆட்களை விட்டு ஒதுங்குகிறார் என்பது இன்னொன்று. தனிமையும் அந்தப் பதினான்கில் ஒன்று. 2023ல் வந்த ஆய்வில், 70 முதல் 84 வயதுவரை 977 பேரில் பாதிப் பேருக்குக் காதுக்கருவி கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவில் மட்டும் அறிவுத்திறன் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மந்திரம் இல்லை, ஆனால் செலவழிக்கும் நேரத்துக்குத் தகும்.

ரத்த அழுத்தத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மேல் எண்ணை 120க்குக் கீழே வைத்தவர்களிடம், 140க்குக் கீழே வைத்தவர்களைவிட, டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான மறதிநிலை 19 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2019ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. டிமென்ஷியாவே குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. அல்சைமர் படிவுகள் அறிகுறிக்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே சேர ஆரம்பிக்கின்றன. 44 வயதில் கவலைப்படுவது சீக்கிரம் இல்லை, நீலமலர். சரியான நேரம்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. 678 கன்னியாஸ்திரிகளை 1986 முதல் தொடர்ந்து கவனித்து, இறந்தபின் மூளையையும் ஆராய்ந்தார்கள். சிலருடைய மூளையில் அல்சைமர் மாற்றங்கள் நிறைய, உயிரோடு இருந்தபோதோ மறதியின் அறிகுறியே இல்லை. படிப்பு, வேலை, பேச்சு என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்த உபரிப் பாதைகள் தாங்கிப்பிடிக்கின்றன என்பது கருத்து. ஒரு சாலை அடைபட்டால் சந்துக்குள் புகுந்து வருவதுபோல.

#15 தூக்கம்வராதவன்

சந்தாவை ரத்து செய்துவிட்டேன். மணி 1.20. போய்ப் படுக்கிறேன்.

#16 கிணற்றடி

மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன், நான்காவது வருடம். அறிவியல் எல்லாம் படித்தேன், நல்லது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

முப்பது வருடமாக இருக்கும் வீடு. பொழுது சாயத் தொடங்கியதும் பையை எடுத்துத் துணி அடுக்குவார். "நேரமாச்சு, எங்க வீட்டுக்குப் போகணும்." முதலில் "அத்தை, இதுதான் உங்க வீடு" என்று விளக்கினேன். கல்யாண போட்டோவைக் காட்டினேன். கைகலப்பு வரை போனது. இப்போது "சரி அத்தை, போகலாம். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடலாம்" என்று பையையும் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்புகிறேன். வாசலுக்கு வந்ததும் "வந்துட்டோம்" என்கிறேன். நிம்மதியாக உள்ளே போய் உட்காருகிறார். பல நாள் பலிக்கிறது. மழை நாளில் பலிக்காது.

#17 கணக்குப்பிள்ளை

தவறாக நினைக்க வேண்டாம். இது ஏமாற்று இல்லையா? பெரியவர்களிடம் தினமும் பொய் சொல்வது என் மனதுக்கு ஒப்பவில்லை.

#18 வரப்போரம்

எனக்கும் ஒப்பவில்லை, சார். சித்தப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. "தம்பி ஏன் வரலை?" என்று அப்பா கேட்டபோது உண்மையைத்தான் சொன்னேன். அன்றுதான் கேள்விப்பட்டவர்போல் அழுதார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். ஒரே வாரத்தில் மூன்று முறை தம்பியைப் பறிகொடுத்தார் அந்த மனிதர், என் நேர்மைக்காக. இப்போதெல்லாம் "சித்தப்பாவும் நீங்களும் சின்ன வயசுல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறேன். கிணற்றில் குதித்த கதை வரும். நான் பொய்யும் சொல்லவில்லை.

#19 அமுதா_செவிலி

இதுதான் வழி. வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் வார்த்தைக்கு அடியில் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்வது. "வீட்டுக்குப் போகணும்" என்றால் "எனக்கு இங்கே பயமாக இருக்கிறது" என்பது பாதி நாள் அர்த்தம். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் "எனக்கு என்ன ஆச்சு?" என்று நேராகக் கேட்டால் மழுப்பக்கூடாது. அது அவருடைய உரிமை.

கிணற்றடி, சாயங்காலக் குழப்பத்துக்குச் சில விஷயம். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், நிழல்கள் ஆளாகத் தெரியும். பகல் தூக்கத்தைக் குறைத்துக் காலையில் வெயில் படச் செய்யுங்கள். திடீரென்று ஆர்ப்பாட்டம் கூடினால் மனதைத் தேடாதீர்கள், உடம்பைத் தேடுங்கள். மலச்சிக்கல், சிறுநீர் முட்டுவது, பல்வலி, செருப்பு கடிப்பது. அவரால் வலிக்கிறது என்று சொல்ல வராது, கத்த மட்டும் வரும். அடக்குவதற்கு மாத்திரை என்பது கடைசிப் படி. மனநோய்க்கான அந்த மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்ற எச்சரிக்கை 2005லேயே வந்துவிட்டது.

#20 கிணற்றடி

செருப்பு! போன மாதம் புதுசு வாங்கிக் கொடுத்தது நான்தான். பார்க்கிறேன் அக்கா.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்பவள் ஒருத்தி, யோசனை சொல்பவர்கள் ஐந்து பேர். ஐவரும் போனில் சொல்வார்கள். நீலமலர், உங்கள் அப்பாவை மறந்துவிடாதீர்கள். முந்திக்கொண்டு பதில் சொல்கிற அந்த மனிதர் இரவில் தூங்குகிறாரா?

#21 நீலமலர்

(ஏழு வாரம் கழித்து)

அப்பா தூங்கவில்லை. கேட்டேன், முதலில் மழுப்பினார். அம்மா ராத்திரி எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாரோ என்று சமையலறை வாசலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார், ஐந்து மாதமாக. 74 வயதில். எனக்குத் தெரியாது.

வரப்போரம் சொன்னபடி காதை வைத்துத்தான் கூட்டிப்போனேன். வேடிக்கை என்னவென்றால் காது நிஜமாகவே மோசம், இரண்டு பக்கமும். பி12 ரொம்பக் குறைவு, ஊசி போடுகிறார்கள். முதல் தடவை ஞாபகச் சோதனையில் 30க்கு 18. ஊசிக்குப் பிறகு 21. சாதாரணம் என்றால் 26ஓ அதற்கு மேலோ வர வேண்டுமாம். ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ், அதாவது புது ஞாபகத்தைப் பதிக்கும் மூளைப் பகுதி, சுருங்கியிருக்கிறது. அல்சைமரின் ஆரம்பம், பி12 குறைவு அதை இன்னும் மோசமாகக் காட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அம்மாவே "எனக்கு என்ன?" என்று கேட்டார். டாக்டர் அவர் பக்கம் திரும்பி அவரிடமே சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எங்கம்மாவுக்கு வந்ததா?" என்றார். ஆமாம் என்றேன்.

அண்ணன் நோட்டைப் பார்த்தான். அந்தப் பென்சில் கோடுகள் வரை பக்கம் பக்கமாகப் புரட்டினான். இப்போது மாதத்தில் பத்து நாள் அவன் போய் இருக்கிறான், அப்பா உள்ளறையில் கட்டிலில் படுக்கிறார். அடுப்புக்குத் தானாக அணையும் வால்வு போட்டாயிற்று. மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா. கணக்கை அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதட்டுகிறார்.

"எப்ப வர்றே?" இன்னும் உண்டு. மூன்று முறையோ நான்கு முறையோ, முதல் தடவை கேட்டமாதிரியே பதில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்தேன், 148. நடக்க ஆரம்பித்திருக்கிறேன்.

இப்போதைய பிரச்சினை சின்னது. காதுக்கருவி போட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்தால் கீச்சென்று கத்துகிறது, அம்மா கழற்றி எறிந்துவிடுகிறார். யாருக்காவது இதில் அனுபவம் உண்டா?

#22 பழையசைக்கிள்

எனக்கு உண்டு, அம்மணி. சிரிக்காதீர்கள். அந்தக் காது விஷயத்தைப் படித்துவிட்டு நானும் போய்ப் பார்த்தேன், எனக்கும் கருவி மாட்டிவிட்டார்கள். பேரன் மெதுவாகப் பேசுகிறான் என்று இத்தனை நாள் அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி என்றால் அதன் மைக் மடலுக்கு மேலே இருக்கும், காதுத் துளையில் இல்லை. போனைத் துளைக்கு நேராக அழுத்தினால் கீச்சிடும். கொஞ்சம் மேலே தூக்கி, ஒரு விரல்கடை தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் கத்தினால் காதுக்குள் போகும் முனை சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, போட்டுக்கொடுத்த இடத்தில் காட்டுங்கள். அதுவரை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துப் பேசட்டும். எனக்குக் கை பழகப் பத்து நாள் ஆனது. அம்மாவுக்குக் கூட ஆகும்.